சின்னக் கிண்ணத்தின் மருமகன் விதி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் என்று துணியை எல்லாம் எடுத்து உள்ளே போட்டேன். மழை இல்லை, புகைமூட்டமாம். மறுபடி கொண்டுபோய்க் காயப் போட்டேன். ராஜன் நாற்காலியை விட்டு அசையவில்லை. கணவர் என்று ஒருவர்.

மாலை காதர் பாய் கடையில் சின்னக் கிண்ணக் கால்பந்துப் போட்டிக் கூட்டம். (இனி சி.கி. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) காதர் பாய்தான் பொருளாளர். கடை அவருடையது, அதனால் மேசை இலவசம், தே தாரேக் டீ இலவசம், அறிவுரையும் இலவசம். நான் செயலாளர், ஆறு மாதமாக. முன்பு இருந்தவர் ஜோகூருக்கு மாற்றலாகிப் போகும்போது, "கோமதி, நீங்கதான் கிளினிக் கவுண்டர்ல தெனமும் ஜனங்கள வரிசையில நிக்க வைக்கிறீங்க. இதுவும் அதே வேலதான் லா" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதே வேலை இல்லை. கிளினிக்கில் வருகிறவர்களுக்கு உடம்பு சரியில்லை, அதனால் கொஞ்சம் அடக்கம் இருக்கும்.

தலைவர் பெருமாள் சார் கால்பந்துச் சங்க மேலிடத்திலிருந்து செய்தி கொண்டு வந்தார். சங்கத்தின் இன்னொரு போட்டியான பெரிய கிண்ணத்துக்கு ஒரு குறையும் இல்லை. சி.கி.தான் தலைவலி. போன வருடம் ஆறே அணி, ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை, புகார். இந்த மாதம் முடிவதற்குள் விதிகளைச் சீர்படுத்தி எட்டு அணி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சி.கி.யை நிறுத்திவிட்டு ஆகஸ்ட் சனிக்கிழமைகளையும் பெரிய கிண்ணத்துக்கே கொடுத்துவிடுவார்களாம்.

பெரிய கிண்ணத்தில் வசதி உள்ள அணி கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆள் இறக்கும். யார் ஜெயித்தால் எனக்கு என்ன? சி.கி. நம் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும். அணி போடும் தோட்டத்திலேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா அம்மா அங்கே வேலை செய்திருக்க வேண்டும். கூடுதலாக, அணிக்கு ஒரு மருமகன். எந்தக் காலத்தில் யார் வைத்த விதியோ தெரியாது. பெண் கொடுத்தால் அவனும் நம் பிள்ளை என்று கணக்கு. பெரிய கிண்ணத்தில் போன வருடம் ஜெயித்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சி.கி.யில் எந்த வருடம் யார் யாரை உதைத்தார்கள், யார் சமாதானம் பேசினார்கள் எல்லாம் தெரியும்.

புது விதிகளை நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். வேறு யாரும் கை தூக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கிளினிக்கில் கூட்டம். இருமல், இருமல், இருமல். ஒரு தாத்தா: "போன தடவ குடுத்தீங்களே, ரோஸ் கலர் மாத்திர, அதயே குடும்மா." நான் டாக்டர் இல்லை என்றேன். "பரவால்ல, நீயே குடு" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் எழுதியது:

ஒன்று. தோட்டங்கள் மட்டும் போதாது. பாதித் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நம் சனம் இருக்கும் கிராமங்களும் அணி போடலாம். சுங்கை பஞ்சாங்கும் புக்கிட் பெலிம்பிங்கும் ரொம்ப நாளாகக் கேட்கின்றன. ஆறும் இரண்டும் எட்டு.

இரண்டு. ஒரே ஆட்டத்தில் தோற்று வீட்டுக்குப் போகிற முறை வேண்டாம். இரண்டு குழு. யாராக இருந்தாலும் மூன்று ஆட்டம் நிச்சயம். வேன் பிடித்து, சோறு கட்டி, பிள்ளைகுட்டியோடு வருகிறார்கள். அரை மணியில் கதை முடிந்தால் சோற்றை என்ன செய்வது?

மூன்று. நடுவர் எந்த அணிக்கும் மாமன் மச்சானாக இருக்கக் கூடாது. (அப்படி ஒரு ஆள் கோலசிலாங்கூரில் இருக்கிறாரா?)

நான்கு. மருமகன். எல்லாச் சண்டைக்கும் காரணம் இதுதான். போன வருடம் கெனாங்கா தோட்டத்து ஆறுமுகம் அண்ணன் கிள்ளானிலிருந்து ஒரு பையனைக் கொண்டு வந்து இறக்கினார். ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம். எப்படி அண்ணே இவன் உங்க ஆளு என்று கேட்டால், "எங்க தோட்டத்து மருமகன். பூ வச்சாச்சு" என்றார். அவருடைய அக்கா மகளுக்குத்தான் பூ வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அந்தப் பையன் இரண்டு கோல் அடித்தான், கிண்ணம் கெனாங்காவுக்கு. அடுத்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அந்தப் பெண் பல்வலி என்று என் கவுண்டருக்கு வந்தாள். "எனக்கே ஒண்ணும் புரியலக்கா. பூ வச்சாங்க, போட்டோ எடுத்தாங்க. கப்பு ஜெயிச்சதும் பூவ எடுத்துட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள், பல்வலியோடு.

ஆகவே நான் எழுதியது: மருமகன் என்றால் பதிவுத் திருமணம் நடந்திருக்க வேண்டும். அந்தத் திருமணம் இப்போதும் நடப்பில் இருக்க வேண்டும். சான்றிதழ் காட்ட வேண்டும்.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆறுமுகம் அண்ணன் நுழைய ஒரு சந்து இல்லை. வாட்சாப்பில் போட்டேன். கட்டைவிரல் மேல் கட்டைவிரல். காதர் பாய் மட்டும் பிரியாணி படம் போட்டார். அது பாராட்டா விளம்பரமா தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

ராஜன் சாப்பிடும்போது கைப்பேசியில் என் விதிகளைப் படித்தார். பொறுமையாக. எனக்குப் பெருமையாக இருந்தது.

"நடப்பில் இருக்கணும்னா?"

"கல்யாணம் இப்பவும் இருக்கணும். சும்மா எப்பவோ கட்டினேன்னு வந்து நிக்கக் கூடாது."

"அப்ப நம்ம சகல?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

சகலை என்றால் தேவா. என் தங்கை கவிதாவின் கணவன். எங்கள் செம்பாக்கா தோட்டத்து கோல்கீப்பர், எங்கள் அணியின் அந்த ஒரு மருமகன். கவிதா டெங்கிக் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகிறது. அவன் பிறந்த சுங்கை பஞ்சாங்குக்கு, அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று எல்லாரும் நினைத்தோம். போகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஏசி பழுதுபார்க்கும் ஏர்கோன் வேலைக்குப் போனான், மாலையில் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தான். அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். தோட்டம் முழுக்க அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறது, சின்னப் பிள்ளைகள் உட்பட.

அவனை எழுதி வெளியே தள்ளியிருக்கிறேன். என் கையால்.

கவிதா இறந்ததை மறந்தேனா? இல்லை. எனக்குள் அவன் இன்னும் கவிதாவின் கணவன்தான், அந்தக் கல்யாணம் நடப்பில்தான் இருக்கிறது. அதனால் தோன்றவே இல்லை.

ராஜன் மீன் தலையை என் தட்டில் வைத்தார். ஏதாவது சொல்லத் தெரியாத நேரத்தில் அவர் அதைத்தான் செய்வார்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா வீடு. வெயில், புகை குறைவு. கோழி ஒன்றைக் காணவில்லை என்று அப்பா காலையிலிருந்து உடும்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்கள் நடத்தும் சமையலறையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. சார்டின் டின் வரிசையாக அடுக்கி இருக்கிறது, கடை மாதிரி. ரசப்பொடி டப்பாவில் ஸ்க்ரூ. கேட்டால், "அது மாப்ளயோட டப்பா" என்கிறார் அப்பா. "இது மாமாவோட ஐடியா" என்கிறான் அவன்.

அவனிடம் நானே ஆரம்பிக்க வேண்டும் என்று இருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

"நீ வெளையாட முடியாது தேவா."

"தெரியும்கா. ரூல் ரூல்தான் லா. இல்லன்னா ஆறுமுகம் அண்ணன் இந்த வருசம் ரெண்டு பேருக்குப் பூ வைப்பாரு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு சாதாரணமாக, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னான்.

"பஞ்சாங்ல டீம் போடுறாங்க. கீப்பர் இல்லயாம். அண்ணன் போன் பண்ணுச்சு."

அந்த வாசலையும் நான்தான் திறந்து வைத்தேன். முதல் விதி.

"போறியா?"

"யோசிக்கல. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒன் இஷ்டம்" என்றேன். பானையை வைத்த வேகத்தில் அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் அவன் ஒன்றும் பெரிய கீப்பர் இல்லை. உயரமாக வரும் பந்தைப் பிடித்துவிடுவான். தரையோடு வருவது கால் நடுவே போகும். கவிதா கோலுக்குப் பின்னால் நின்று திட்டிக்கொண்டே இருப்பாள்: "கால சேத்து நில்லுங்க! கால சேத்து!" எதிரணிக்காரர்களே சிரிப்பார்கள். அவன் திரும்பி அவளைப் பார்ப்பான், அதற்குள் இன்னொரு பந்து உள்ளே போய்விடும்.

போனால் போகட்டும் என்று நினைக்கப் பார்க்கிறேன். வரவில்லை.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. பக்கத்து வீட்டு லதா இன்றைக்கே காய்கறி நறுக்கி வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு மிளகாய்கூட இல்லை.

வேலை முடிந்ததும் நேராக அப்பா வீடு. தேவா இல்லை, ரவாங்கில் ஏதோ ஆபீசில் வேலை. புதிதாக எழுதியதை அப்பாவுக்குப் படித்தேன்: ஒரு தோட்டத்தில் பெண் எடுத்தவர், மனைவி காலமானாலும், ஆயுள் முழுதும் அத்தோட்டத்து மருமகனாகவே கருதப்படுவார்.

அப்பா முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர். எதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"கருதப்படுவார்னு போட்டிருக்க. அவங்கிட்ட கேட்டியா?"

"அவன் நல்லதுக்குத்தானேப்பா."

"ஆட்டக் கட்டுற மாதிரி கட்டாதம்மா. முப்பத்தஞ்சு வயசு அவனுக்கு. நாளைக்கு வேற எடத்துல ஒரு பொண்ணு பாத்துக் கட்டணும்னு அவனுக்குத் தோணுனா? உன் ரூலத் தாண்டிக் குதிச்சுப் போகணுமா?"

"அப்ப கவிதா?"

கேட்டிருக்கக் கூடாது. அப்பா எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து அந்த வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கிண்ணத்துக்காக எழுதவில்லை. எனக்காக எழுதியிருக்கிறேன். அவன் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டால், கவிதா அங்கே சமைத்தாள், சண்டை போட்டாள், சிரித்தாள் என்பதற்கு என்ன மிச்சம்? என் தங்கையை அவன் மேல் மாட்டி வைத்திருக்கிறேன். அவனுக்கு அது பாரமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வரும் வழியில் மிளகாய் வாங்க மறந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

காதர் பாய் கடையில் தோசையை வீட்டுக்குப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணக் காத்திருந்தபோது, அப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்திருந்தார். அத்தர் வாசனையோடு கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, எங்க வாப்பா இந்தக் கடைக்குப் பார்ட்னர் சேத்தப்ப பேப்பரே இல்ல. இவரக் கேட்டா அவரு என் பார்ட்னர்னு சொல்லுவாரு. அவரக் கேட்டா இவரு என் பார்ட்னர்னு சொல்லுவாரு. அப்படியே இருவது வருசம் ஓடுச்சு. ஒருத்தரு நிறுத்தியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"ரெண்டு பேரும் சொல்லணும்."

"அவ்ளோதான் லா. கல்யாணத்துல மட்டும் வேற என்ன இருக்கு?"

தோசை ஆறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் மாற்றி எழுதினேன்: பதிவுத் திருமணம் நடந்திருக்க வேண்டும். (பூ வைத்தது செல்லாது.) அதன் பிறகு, நான் இந்த வீட்டு மருமகன் என்று அவரும், இவர் எங்கள் மருமகன் என்று அந்த வீடும் சொல்லும் வரை அவர் மருமகன். ஆட்சேபம் வந்தால் திடலில் எல்லார் முன்னாலும் இருவரும் வாயால் சொல்ல வேண்டும்.

ராஜன் படித்தார். "இது கொஞ்சம் பயமா இருக்கு. எங்க மாமனாரு என்னப் பத்தி என்ன சொல்லுவாரோ."

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம். மழை, நல்ல மழை, புகையெல்லாம் போயிற்று. காதர் பாய் கடை ஓட்டில் விழுந்த சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

முதல் இரண்டு விதிக்கும் எதிர்ப்பில்லை. மூன்றாவது விதிக்கு எல்லாரும் சிரித்தார்கள். நடுவர்களைத் தஞ்சோங் காராங்கிலிருந்து கூப்பிடலாம் என்று முடிவு. நான்காவதுக்கு ஆறுமுகம் அண்ணன் எழுந்தார்.

"ஒரு தடவ மாப்ளன்னா சாவுற வரைக்கும் மாப்ளயா?"

"ரெண்டு பேரும் சொல்ற வரைக்கும் அண்ணே."

"அப்ப நாளைக்கு அந்த மாப்ள வேற எடத்துல கட்டுனா?"

எல்லாரும் தேவாவைப் பார்த்தார்கள். அவன் தே தாரேக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி. காது சிவந்திருந்தது. எல்லாரும் பார்த்ததால் கூச்சம் போல.

"அப்பவும் அதே ரூல்தான்" என்றார் பெருமாள் சார். "அந்த வீடு சொல்லணும்."

நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியது ஆறுமுகம் அண்ணன் மட்டும், அவரும் பாதிக் கைதான். எட்டு அணி. பெருமாள் சார் அங்கேயே மேலிடத்துக்குப் போன் போட்டார். சி.கி. இருக்கிறது! ஆகஸ்ட் இரண்டாம் தேதி முதல் ஆட்டம், செம்பாக்காவும் கெனாங்காவும். காதர் பாய் எல்லாருக்கும் ரொட்டி சானாய் போட்டார்.

வெளியே வந்தபோது தேவா சொன்னான்: "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்கா. பஞ்சாங்குக்கு வேற கீப்பர் பாக்கச் சொல்லி."

மழையில் நனைந்துகொண்டே, தூரத்தில் நிறுத்தியிருந்த காடி வரைக்கும் போனேன். சந்தோஷம்.

ஜூலை 23, புதன்

மதியம் தேவா கிளினிக்குக்கு வந்தான். ஏர்கோன் பார்க்க வந்தான் என்று நினைத்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க."

நளினி என்று ஒரு பெண். கோலா குபு பாருவில் அரசாங்க ஆபீசில் கிளார்க். இவன் அங்கே ஏர்கோன் சர்வீசுக்குப் போவான். முதலில் ஏர்கோன் பற்றிப் பேசினார்களாம். பிறகு சாப்பாடு பற்றி. பிறகு கவிதா பற்றி. ஒரு வருடத்துக்கு மேல் பழக்கம்.

"கவிதாவப் பத்தி அவகிட்டதான் நெறையப் பேசுவேன்கா. இங்க பேசுனா நீங்க அழுவீங்க. மாமா கோழியப் பாக்கப் போயிடுவாரு."

அது உண்மை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன். கேட்டாரு. அப்புறம் கோழியப் பாக்கப் போயிட்டாரு."

"எப்ப கல்யாணம்?"

"ஆடி போகட்டும். ஆவணில. நீங்க சரின்னு சொன்னாதான்."

"நான் வேணாம்னு சொல்லுவேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. அதான் கடைசியா ஒங்ககிட்ட வந்தேன்."

சிரிப்பு வந்துவிட்டது, பாழாய்ப் போன சிரிப்பு. போ, எனக்கு வேலை இருக்கிறது என்றேன். போனான். ஸ்டோர் ரூமில் முகக்கவசப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். வெளியே ஒரு ஆள்: "நம்பர் கூப்பிட்டீங்களா? நான் கேன்டீன்ல இருந்தேன்." அவருக்கு என்ன தெரியும்.

பொறாமைதான். எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். முகமே தெரியாத ஒரு பெண் மேல் பொறாமை. என் தங்கையைப் பற்றி அவன் பேசியதெல்லாம் அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

ராஜனுக்கு முதலிலிருந்தே தெரியுமாம்! சகலையும் சகலையும் மோட்டார் கடையில் பேசிக்கொள்வார்களாம். "நீ கட்டிக்க. ஆனா எனக்குத் தெரியும்னு அக்காகிட்ட மாட்டிவிடாத" என்று சொல்லி வைத்தாராம். இரண்டு நாளாக நான் பாத்திரம் உருட்டுவதைப் பார்த்துத் தானே ஒப்புக்கொண்டார்.

இன்று அவருக்கு ரசம் கிடையாது.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா வீடு. தேவா கோல் வலை வாங்க கோலசிலாங்கூருக்குப் போயிருந்தான். நளினியின் போட்டோவை என் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறான். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி, துடைத்து, போட்டு, பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"காரம் சாப்புடுமா?"

"தெரியாதுப்பா."

அவ்வளவுதான். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆடு மாதிரி கட்டாதே என்றவர்தான். ஆனால் பொதுவாகச் சொல்வது வேறு, பெண்ணின் படத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு.

நளினி கவிதாவைப் போல இல்லை. கொஞ்சம்கூட இல்லை. உயரம், கண்ணாடி, சிரிக்கும்போது ஒரு பக்கம் கன்னம் மேலே போகிறது. ஜாடை ஒத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

லயத்து வீடுகள் பக்கம் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் போகும்போது காதில் விழுந்தது: "மாமனாரு வீட்டுச் சோத்தத் தின்னுகிட்டே பொண்ணு பாக்குறான் பாரு." திரும்பினேன். அந்த அம்மா சட்டென்று கீரை விலை கேட்டாள். யார் சோற்றை யார் தின்றது? மூன்று வருடமாக அப்பாவுக்கு மாத்திரை வாங்கி, ரத்த அழுத்தம் பார்த்து, இரவில் இருமினால் எழுந்து சுடுதண்ணீர் வைத்தது யார்? நான் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை மகள்.

மாலையில் அவனுக்குப் போன் போட்டேன். "சனிக்கிழம ஆட்டத்துக்கு அந்தப் பொண்ண வரச் சொல்லு. பாக்கணும்."

"சரிக்கா" என்றான். அடுத்து ஏதும் சொல்வதற்குள் நான் டக்கென்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலைகள்: சுண்ணாம்பு (ராஜன்). ஐஸ் பெட்டி (காதர் பாய்). விசில் இரண்டு. நாற்காலி பள்ளிக்கூடத்தில் கேட்டது கிடைக்கவில்லை, செயலாளர் மேசைக்கு வீட்டிலிருந்து ஒன்று. முதலுதவிப் பை. பிளாஸ்டர் கிளினிக்கிலிருந்து எடுக்கக் கூடாது, கடையில் வாங்க வேண்டும், கோமதி, நினைவிருக்கட்டும்.

ஆறுமுகம் அண்ணன் ஆட்சேபம் போடப் போவதாகக் காதர் பாய் சொன்னார். போடட்டும். விதியில் அதற்கு வழி இருக்கிறது, நான்தான் வைத்தேன். எல்லார் முன்னாலும் அப்பா சொல்ல வேண்டும். போன் போட்டுக் கேட்கலாமா என்று பார்த்தேன். அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நாலுக்கு ஒன்று. தோற்றோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். தேவா விட்ட நாலில் இரண்டை நானே பிடித்திருப்பேன், சேலையோடு.

நல்ல வெயில். திடலைச் சுற்றி எத்தனை சனம்! சுங்கை பஞ்சாங்கிலிருந்து இரண்டு வேன். அவர்கள் ஆட்டம் அடுத்தது, ஆனாலும் காலையிலேயே வந்து சோற்றுப் பானையை இறக்கிவிட்டார்கள். தேவாவின் அண்ணன் வந்து, "எங்க கீப்பர நீங்களே வச்சிக்கிட்டீங்க" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே குறைபட்டார்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்சம் முன்னால் ஆறுமுகம் அண்ணன் மேசைக்கு வந்தார். பின்னால் அவர் ஆட்கள்.

"செயலாளரம்மா, ஆட்சேபம். தேவா கல்யாணம் பண்ணிக்கப் போறான். தோட்டமே பேசுது. பொண்ணு அந்தா, கேட்டு பக்கத்துல வந்து நிக்குது. அடுத்த மாசம் கோலா குபு பாரு மாப்ள. இங்க எப்படி மாப்ள?"

திரும்பிப் பார்த்தேன். வாசல் கேட் பக்கம் நளினி. படத்தில் இருந்ததைவிட ஒல்லி. கையில் ஒரு முறுக்கு டின், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ரயிலும் பஸ்ஸும் மாறி வந்த களைப்பு. எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

விதிப்படி முதலில் தேவா. கையுறையோடு நடுவில் வந்து நின்றான். "நான் இந்த வீட்டு மருமகன்தான்." சத்தமாகச் சொன்னான்.

அடுத்து அந்த வீடு. அப்பா வேலிப் பக்கம் நிழலில் நின்றுகொண்டிருந்தார், துண்டைத் தலையில் போட்டு. காதர் பாய் ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டார். பத்து நாளாக அப்பா அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி, காரம் சாப்பிடுமா என்று. இல்லை என்று சொன்னால் நான் அதை எழுதித்தான் ஆக வேண்டும். என் விதி. அப்பா மெதுவாக நடந்து வந்தார்.

"ஆறுமுகம், எனக்கு எத்தன பொண்ணு?"

"ரெண்டுண்ணே." அண்ணன் தடுமாறினார். "சின்னது... அது வந்து..."

"ரெண்டு. பெரியவ அந்தா மேசையில ஒக்காந்து ரூல் பேசிக்கிட்டிருக்கா."

பிறகு எங்களை எல்லாம் விட்டுவிட்டு நேராக கேட்டுக்குப் போனார். தலையிலிருந்த துண்டை எடுத்து நளினியிடம் கொடுத்தார், முகத்தைத் துடைக்க. முறுக்கு டின்னைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்.

"சின்னவ இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குனா. புள்ளய வெயில்ல நிக்க வச்சிக்கிட்டு என்னய்யா ஆட்சேபம்?"

ஆறுமுகம் அண்ணன் தொப்பியை எடுத்துவிட்டார். ஆட்சேபத்தை நிராகரித்தேன், வாயால்தான், எழுத முடியவில்லை. அப்பா அவளை அழைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். இருந்தது ஒரே நாற்காலி. எழுந்து என் தங்கைக்குக் கொடுத்தேன்.